மூக்குச் சதை மாத்திரையில் சுருங்குகிறது, விட்டால் திரும்ப வளர்கிறது. உள்ளே என்னதான் நடக்கிறது?

கேள்வி: பால்வெட்டு, குலசேகரம்

எல்லாருக்கும் வணக்கம். நான் குலசேகரம் பக்கம். அப்பா வைத்த ரப்பர் கொஞ்சம் இருக்கிறது. வெட்டுவதும் நான்தான், ஷீட் அடிப்பதும் நான்தான்.

போன இடவப்பாதி மழையில் தொடங்கிய மூக்கடைப்பு மழை விட்ட பிறகும் விடவில்லை. இரண்டு பக்கமும் அடைப்பு, தொண்டைக்குள் சளி இறங்கிக்கொண்டே இருக்கும், ராத்திரி வாயால்தான் மூச்சு. அப்புறம் மணமும் போய்விட்டது. ஒட்டுப்பால் (சிரட்டையில் உறைந்த ரப்பர் பால்) சாக்கு அடுக்கிய புரைக்குள், அதாவது கொட்டகைக்குள், வெளியாள் யாரும் ஐந்து நிமிஷம் நிற்க மாட்டார்கள். நான் அங்கேயே உட்கார்ந்து சாயா குடிப்பேன், ஒன்றும் தெரியாது. பால் உறைய ஃபார்மிக் ஆசிட் கலக்கும்போது கண் எரியும், அவ்வளவுதான்.

ஈ.என்.டி. டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு இரண்டு பக்கமும் பாலிப், அதாவது தொங்கும் சதை, இருக்கிறது என்றார். சி.டி. ஸ்கேன் எடுத்தோம். ஒரு துண்டு கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஈசினோபில் செல்கள் (ரத்த வெள்ளணுவில் ஒரு வகையாம்) ஏராளம் என்று ரிப்போர்ட் வந்தது. பிரட்னிசோலோன் மாத்திரை குறைந்த நாட்களுக்கு, மொமெட்டசோன் ஸ்பிரே தொடர்ந்து அடிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். இரண்டும் ஸ்டீராய்டு.

மாத்திரை போட ஆரம்பித்த சில நாளிலேயே மூக்கு திறந்துவிட்டது. மணம் வந்தது. புரைக்குள் நுழையவே முடியவில்லை, அவ்வளவு நாற்றம், எனக்கோ சந்தோஷம். மாத்திரை முடிந்து கொஞ்ச காலம் நன்றாக இருந்தது. இப்போது பழையபடி அடைக்க ஆரம்பித்திருக்கிறது. ஸ்பிரே அடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அடுத்த முறை ஆபரேஷன் பற்றிப் பேசலாம் என்கிறார் டாக்டர்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். ஸ்டீராய்டு அந்தச் சதையைக் கரைக்கிறதா? கரைத்துவிட்டால் எப்படித் திரும்ப வருகிறது? ரிப்போர்ட்டில் எழுதியிருக்கும் ஈசினோபிலுக்கும் இந்த மருந்துக்கும் என்ன சம்பந்தம்? மாத்திரையும் ஸ்பிரேயும் செய்வது ஒரே வேலையா, வேறு வேறா? டாக்டர் நல்ல மனுஷர், கேட்டால் சொல்வார். ஆனால் வராந்தா நிறைய ஆள் காத்திருக்கும்போது இதையெல்லாம் கேட்க நாக்கு எழவில்லை.


பதில்: மருந்துக்கடை, மார்த்தாண்டம்

செல் கணக்கெல்லாம் சொல்ல வேறு ஆள் வருவார்கள். நான் கடைக்காரன், கவுண்டரில் பார்ப்பதைச் சொல்கிறேன்.

தம்பி, முதலில் அந்தப் பழைய சீட்டைப் பத்திரமாக மடித்து வையுங்கள், அதைக் காட்டித் திரும்ப மாத்திரை வாங்காதீர்கள். மூக்கு திறந்த ருசி கண்டவர்கள் சீட்டையும் தூக்கிக்கொண்டு வருவார்கள். "போன தடவை இதிலேதான் சரியானது, ஒரு பத்து கொடுங்கள்." நான் கொடுக்க மாட்டேன், அடுத்த கடையில் வாங்கிக்கொள்வார்கள். பிரட்னிசோலோன் குறைந்த நாளுக்கு, டாக்டர் கண்பார்வையில் என்றால் நல்ல மருந்து. அடிக்கடி என்றால் சர்க்கரை ஏறும், பிரஷர் ஏறும், தூக்கம் கெடும், எலும்பு தேயும், கண்ணில் அழுத்தமும் புரையும் வரும். இடுப்பு மூட்டுப் பந்துக்கு ரத்த ஓட்டம் நின்று எலும்பே செத்துப்போவதும் உண்டு. பழைய காசநோய் உள்ளே அடங்கிக் கிடந்தால் அதுவும் தலைதூக்கும். நீண்ட நாள் போட்டவர்கள் திடீரென்று நிறுத்தவும் கூடாது; உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய கார்ட்டிசோலைச் சுரக்காமல் சோம்பிக் கிடக்கும். 2021-ல் கறுப்புப் பூஞ்சை பரவியதே, அதில் சிக்கியவர்களில் பெரும்பாலோர் சர்க்கரை உள்ளவர்கள், பலர் கொரோனாவுக்கு ஸ்டீராய்டு எடுத்தவர்கள். அந்தப் பயம் எனக்கு இன்னும் போகவில்லை.

இன்னொன்று. ஸ்பிரே என்று எல்லாவற்றையும் ஒன்றாகச் சொல்கிறார்கள். ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் சொட்டு மருந்து வேறு, ஸ்டீராய்டு ஸ்பிரே வேறு. சொட்டு மருந்து ரத்தக் குழாயைச் சுருக்கி நொடியில் மூக்கைத் திறக்கும். ஒரு வாரத்துக்கு மேல் போட்டால் அதுவே அடைப்பை உண்டாக்கும். ஸ்டீராய்டு ஸ்பிரே அடித்தவுடன் ஒன்றும் தெரியாது. "இது வேலை செய்யவில்லை, அதைக் கொடுங்கள்" என்று மாற்றிக்கொண்டு போகிறவர்களை என்ன சொல்ல.


பதில்: கண்ணாடித்தகடு, நாகர்கோவில்

நான் டாக்டர் இல்லை, திசுப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். உங்கள் மூக்கிலிருந்து கிள்ளியது போன்ற துண்டுகளை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றிக் கண்ணாடியில் ஒட்டுவது என் வேலை. பார்த்து ரிப்போர்ட் எழுதுவது பதாலஜிஸ்ட். ஆனால் ஒவ்வொரு தகட்டையும் அனுப்புமுன் சாயம் சரியாக ஏறியிருக்கிறதா என்று நானும் பார்த்துத்தான் ஆக வேண்டும், அதனால் பாலிப் எனக்கு நல்ல பழக்கம்.

ஃபார்மலின் பாட்டிலில் அது வந்து இறங்கும்போது உரித்த நொங்குச் சுளை மாதிரிதான் இருக்கும். வெளுப்பு, வழவழப்பு, வெளிச்சத்தில் பிடித்தால் பாதி ஊடுருவித் தெரியும். பிளேடு வைத்து நறுக்கினால் நீர் கசியும். உங்கள் முதல் கேள்விக்கான விடை இந்த நீரில்தான் இருக்கிறது. மூக்கின் உள்சவ்வு, முக்கியமாகக் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே இருக்கும் எத்மாய்டு அறைகளின் சவ்வு, நீர்கோத்து உப்பித் தன் எடையிலேயே கீழே தொங்கி வருகிறது. ஸ்டீராய்டு அதைக் கரைப்பதில்லை. நீர் கோக்க வைத்தவர்களை அடக்குகிறது, நீர் வடிகிறது, சுருங்குகிறது.

அந்த "அவர்கள்" யார் என்பதைத் தகட்டில் பார்க்கலாம். நாங்கள் போடுவது ஹிமாடாக்சிலின், ஈயோசின் என்று இரண்டு சாயம். செல்லின் உட்கரு நீலமாகும், மற்றது இளஞ்சிவப்பு. நுண்ணோக்கியில் பெரிய லென்ஸைத் திருப்பினால், வெளிறிய வெற்றிடம் நிறைய இருக்கும். அது நீர் நின்ற இடம். அந்த வெற்றிடத்துக்குள் கொத்துக் கொத்தாக, இரண்டாகப் பிளந்த உட்கருவும் உடம்பு முழுக்கச் செக்கச் சிவந்த துகள்களுமாக உட்கார்ந்திருப்பவைதான் ஈசினோபில்கள். சாயம் போட்டு இவற்றை முதலில் அடையாளம் காட்டியவர் பால் எர்லிக், 1879-ல். இன்றும் பெரிதாக ஒன்றும் மாறவில்லை, அதே சாயம், அதே சிவப்பு. உங்களுடையது போல ஈசினோபில் மிகுந்த பாலிப்பில் அவை மற்ற செல்களை ஓரங்கட்டிவிட்டு நிற்கும். கூடவே லிம்போசைட்டுகள், பிளாஸ்மா செல்கள் என்ற வேறு வெள்ளணுக்கள். அலர்ஜியில் ஹிஸ்டமின் கொட்டும் மாஸ்ட் செல்களும் உண்டு, ஆனால் சாதாரணச் சாயத்தில் அவை நழுவிவிடும். டொலுயிடின் புளூ போட்டால் ஊதா நிறத்தில் எழும். மேல்தோல் அடுக்குக்குக் கீழே உள்ள அடித்தளச் சவ்வு தடித்திருக்கும். கெட்டிச் சளியும் சேர்ந்து வந்திருந்தால் அதில் இரண்டு முனையும் கூரான சின்னச் சின்னப் படிகங்கள் கிடக்கும், சார்க்கோ-லெய்டன் படிகம் என்பார்கள். செத்த ஈசினோபில்களுக்குள் இருந்த புரதம் படிகமானது அது. எனக்கு எப்போது பார்த்தாலும் அதிசயம்தான்.

சரி, இவை ஏன் அங்கே கூடுகின்றன? மூக்கின் மேல்தோல் செல்கள் ஏதோ காரணத்தால் சீண்டப்படுகின்றன. கிருமியோ, பூஞ்சையோ, வேறெதுவோ, ஆளுக்கு ஆள் மாறும். சீண்டப்பட்டவை அபாயச் செய்தி விடுகின்றன. அதைக் கேட்டு எழும் டி-செல்களும் (நோய் எதிர்ப்புக்கு ஆணையிடும் வெள்ளணுக்கள்) அவற்றின் கூட்டாளிகளும் இன்டர்லூக்கின் 4, 5, 13 என்ற மூன்று சேதிப் புரதங்களைச் சுரக்கின்றன. இதில் 5 தான் ஈசினோபிலுக்கு உயிர்மூச்சு. எலும்பு மஜ்ஜையில் அதை அதிகம் பிறக்க வைப்பதும், திசுவுக்குள் வந்ததைச் சாகவிடாமல் காப்பதும் அதுதான். ஈசினோபில் ரத்தத்தில் ஒரு நாள்கூட முழுதாகச் சுற்றுவதில்லை, திசுவில் இறங்கினால் சில நாள் ஆயுசு. இன்டர்லூக்கின்-5 ஊட்டினால் வாரக்கணக்கில் கிடக்கும். 4-ம் 13-ம் ரத்தக் குழாயின் உட்சுவரைப் பிசுபிசுப்பாக்கி, ஓடிக்கொண்டிருக்கும் ஈசினோபில் அங்கே ஒட்டி இறங்க வழி செய்கின்றன, மேல்தோலை ஈயோடாக்சின் என்ற அழைப்புச் சேதியைச் சுரக்க வைக்கின்றன, சளியையும் கூட்டுகின்றன. வந்து இறங்கிய ஈசினோபில் தன் சிவப்புத் துகள்களைக் கொட்டுகிறது. அந்தத் துகளில் இருக்கும் புரதங்கள் புழுவைக் கொல்ல உருவானவை, மேல்தோலை விட்டுவைக்குமா? மேல்தோல் மறுபடி சேதமாகிறது, மறுபடி அபாயச் செய்தி. இதற்கிடையே ரத்தக் குழாய் கசிந்து ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா வெளியேறுகிறது. அதிலுள்ள, ரத்தத்தை உறைய வைக்கும் ஃபைப்ரின் வலை பின்னிக்கொள்வதால் நீர் வடிய வழியில்லாமல் அங்கேயே நிற்கிறது.

இப்போது மருந்துக்கு வருகிறேன். ஸ்டீராய்டு கொழுப்பில் கரையும் பொருள், செல்லின் தோலை ஊடுருவி நேராக உள்ளே போகும். உள்ளே அதற்கென்று ஏற்பி ஒன்று காத்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து உட்கருவுக்குள் போய் மரபணுக்களின் வேலையில் கை வைக்கின்றன. என்எஃப்-கப்பா-பி, ஏபி-1 என்ற இரண்டு புரதங்கள்தான் அழற்சி மரபணுக்களை முடுக்கிவிடுபவை. அவற்றின் வாய் அடைக்கப்படுகிறது. அழற்சியைத் தணிக்கும் அனெக்சின்-1 மாதிரியான புரதங்களின் உற்பத்தி கூடுகிறது. புரதம் உருவாவது, பழையது தீர்வது எல்லாம் மணிக்கணக்கு, நாட்கணக்கு வேலை. மார்த்தாண்டம் அண்ணாச்சி சொன்னது போல ஸ்பிரே அடித்த நொடியில் ஒன்றும் தெரியாததற்குக் காரணம் இதுதான்.

ஒவ்வொரு செல்லிலும் விளைவு வேறு. டி-செல் இன்டர்லூக்கின் சுரப்பதைக் குறைத்துக்கொள்கிறது. மேல்தோல் ஈயோடாக்சின் அழைப்பை நிறுத்துகிறது. ரத்தக் குழாயின் பிசுபிசுப்பு போகிறது, கசிவு அடைகிறது. ஈசினோபிலுக்கு இரட்டை அடி: இன்டர்லூக்கின்-5 வரத்து நிற்பதால் பட்டினி, அதோடு ஸ்டீராய்டே நேரடியாக அதைத் தற்சாவுக்குத் தள்ளுகிறது. இந்தச் சாவு எப்படி நடக்கிறது என்பது முக்கியம். செல் வெடித்துச் சிதறினால் துகள்களெல்லாம் கொட்டிச் சேதம் இன்னும் கூடும். ஸ்டீராய்டு தூண்டும் சாவில் அது சுருங்கி, துண்டு துண்டாக உறையோடு உடைகிறது. மேக்ரோஃபேஜ் வந்து விழுங்கிவிடுகிறது. விழுங்கும் சுறுசுறுப்பையும் ஸ்டீராய்டு கூட்டுகிறது. மாஸ்ட் செல் விஷயத்தில் மருந்துக்கு அவ்வளவு கை நீளமில்லை. தொடர்ந்து ஸ்பிரே அடித்தால் சவ்வின் மேற்பரப்பில் அவற்றின் எண்ணிக்கை குறையும், ஆனால் உடனடியாக ஹிஸ்டமின் கொட்டுவதை அது தடுக்காது.

திரும்ப வளர்வதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. ஸ்டீராய்டு அழைப்பை அமுக்கி வைத்தது. கூப்பிட்ட மேல்தோல் அங்கேயே இருக்கிறது, சீண்டிய காரணமும் அங்கேயே இருக்கிறது. மாத்திரை நின்று சில வாரம், சில மாதத்தில் அழைப்பு மறுபடி கிளம்பும், மஜ்ஜை மறுபடி அனுப்பும். தடித்த அடித்தளச் சவ்வையும், நாட்பட்டு நாராகிப்போன பகுதியையும் மருந்து பழைய நிலைக்குக் கொண்டுவருவதில்லை. ஆகவே மாத்திரை வேலை செய்யவில்லை என்று நினைக்க வேண்டாம். அதன் வேலையே அவ்வளவுதான். நீண்ட நாள் வேலை ஸ்பிரேயுடையது.

மாத்திரையும் ஸ்பிரேயும் செல்லுக்குள் செய்வது ஒன்றே. போய்ச் சேரும் இடம் வேறு. மாத்திரை ரத்தம் வழியாக மஜ்ஜை வரை போகிறது, ஸ்பிரே நுழையாத மேல் இடுக்குக்கும் போகிறது, அதனால்தான் அவ்வளவு வேகம், அவ்வளவு பக்கவிளைவும். மொமெட்டசோன், ஃப்ளூட்டிகசோன் ஸ்பிரேயில் ரத்தத்தில் கலப்பது 2 சதவீதத்துக்கும் கீழே. ஆனால் மூக்கு முழுக்க அடைத்துக் கிடந்தால் ஸ்பிரே வாசலிலேயே நின்றுவிடும். பெரிய பாலிப்புக்கு முதலில் மாத்திரை கொடுத்து வழி திறப்பதும், ஆபரேஷன் செய்து வழி திறப்பதும் பாதிக்குப் பாதி ஸ்பிரேக்குப் பாதை போடத்தான். 2020-ல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதலில் மாத்திரை வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை, குறைந்த நாளுக்கு என்ற அளவில்தான் இருக்கிறது.

உங்கள் ஆசிட் விஷயம்: எரிச்சலை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பு வேறு, மணத்தைக் கொண்டுபோகும் நரம்பு வேறு. மணத்தை அறியும் இடம் மூக்கின் உச்சியில் இருக்கிறது. பாலிப் அடைப்பது சரியாக அந்த வழியைத்தான். கண்ணுக்கு அந்தத் தடை இல்லையே.

ஒரு சொந்தப் புலம்பல். எங்களுக்கு வரும் படிவத்தில் "மூக்குக் கட்டி" என்று இரண்டு வார்த்தை எழுதி அனுப்புகிறார்கள். நோயாளி ஒரு வாரமாக ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கிறார் என்று எழுத மாட்டார்கள். தகட்டில் ஈசினோபில் குறைவாகத் தெரியும், "ஈசினோபில் வகை அல்ல" என்று முடிவாகிவிடக்கூடிய இடம் அது. யாரானாலும் சரி, துண்டு எடுக்கும்போது என்ன மாத்திரை, எப்போது நிறுத்தினீர்கள் என்பதை நீங்களே சொல்லி எழுத வையுங்கள்.


பதில்: குளச்சல்காரன், தமாம் (சவுதி)

மக்கா, நான் அதே கேஸ்தான். எனக்கு மூக்கோடு வீசிங்கும் உண்டு. ஒரு தடவை பல்வலிக்கு இபுப்ரோஃபென் போட்டேன், அரை மணி நேரத்தில் நெஞ்சு அடைத்து மூச்சு விட முடியாமல் ஆகிவிட்டது. அப்போதுதான் டாக்டர் சொன்னார், பாலிப், ஆஸ்துமா, ஆஸ்பிரின் வகை மாத்திரை ஒவ்வாமை மூன்றும் சிலருக்குச் சேர்ந்தே வரும் என்று. இந்த வகையில் பாலிப் பிடிவாதம் அதிகம், வெட்டினாலும் சீக்கிரம் வளரும். உனக்கு இழுப்பு இருக்கிறதா, வலி மாத்திரை ஏதாவது சேராமல் போயிருக்கிறதா என்று யோசித்துப் பார். இருந்தால் டாக்டரிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்.

ஆபரேஷனைப் பற்றிப் பயப்படாதே. எண்டோஸ்கோப் வைத்து மூக்கு வழியாகத்தான் செய்கிறார்கள், வெளியே தழும்பு கிடையாது. ஊரில் ஒரு இடத்தில் செய்தேன். முடிந்ததும் "இனி ஒன்றும் வேண்டாம், எல்லாம் எடுத்தாச்சு" என்று அனுப்பிவிட்டார்கள். ஸ்பிரே என்ற பேச்சே இல்லை. எல்லாம் திரும்பி வந்தது. இங்கே பார்த்த டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். இப்போது உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவுகிறேன், அதில் புடெசோனைட் என்ற ஸ்டீராய்டைக் கலந்து கொடுத்திருக்கிறார். ஆபரேஷன் ஆன மூக்கில் அது உள்ளறை வரை போகும். இந்த ஊர் மணல் காற்றிலும் தாக்குப்பிடிக்கிறது. கழுவும் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றித்தான் எடுக்க வேண்டும், கிணற்றுத் தண்ணீரை அப்படியே ஊற்றிவிடாதே.

டுபிலுமாப் என்று இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசியும் இருக்கிறது, மூக்குப் பாலிப்புக்கு அமெரிக்காவில் 2019-ல் அனுமதி கிடைத்தது. நாகர்கோவில் அக்கா சொன்ன இன்டர்லூக்கின் 4, 13 இரண்டும் செல்லுக்குள் சேதி சொல்லும் கதவை அடைத்துவிடுமாம். விலையைக் கேட்டுவிட்டு நான் எழுந்து வந்துவிட்டேன்.


மறுபடி: பால்வெட்டு, குலசேகரம்

அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு உங்கள் பதிலை வாசித்தேன், அடித்தளச் சவ்வு தடிப்பு என்று அதிலும் இருக்கிறது. அண்ணாச்சி, சீட்டை மடித்து வைத்துவிட்டேன். குளச்சல் அண்ணன், எனக்கு இழுப்பு இல்லை, வலி மாத்திரையும் சேராமல் போனதில்லை.

இன்னும் இரண்டு சந்தேகம். சித்தப்பா மகனுக்கு ஒரு மூக்கில் மட்டும் சதை, அவனுக்கும் பாலிப் என்று சொல்லி யாரோ ஸ்பிரே கொடுத்திருக்கிறார்கள். அடித்துக்கொண்டே இருக்கிறான், கொஞ்சமும் சுருங்கவில்லை, அடிக்கடி ரத்தம் வேறு வருகிறது. அதே மருந்து எனக்குக் கேட்கிறது, அவனுக்கு ஏன் கேட்கவில்லை? அவன் சின்ன வயசிலிருந்தே குளத்தில்தான் குளிப்பு. அடுத்தது, மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த சமயத்தில் எனக்கு எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஈசினோபில் நார்மல். மூக்கில் ஏராளம், ரத்தத்தில் நார்மல் என்றால் எதை நம்புவது?


பதில்: கண்ணாடித்தகடு, நாகர்கோவில்

ரத்தத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பிரட்னிசோலோன் விழுங்கிய சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் ஈசினோபில் எண்ணிக்கை சரிந்துவிடும். அந்தச் சமயத்தில் எடுத்த கணக்கை வைத்து எதையும் சொல்ல முடியாது. மாத்திரை இல்லாத காலத்தில் எடுத்தாலும் ரத்தமும் திசுவும் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. திசுவைத்தான் நம்ப வேண்டும். தோட்டத்தில் செருப்பில்லாமல் நடக்கிறவர்களுக்கு இன்னொரு வார்த்தை. ரத்தத்தில் ஈசினோபில் கூடுவதற்குக் குடற்புழுவும் காரணமாகும். அதில் ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்று ஒரு புழு உண்டு, மண்ணிலிருந்து கால் தோல் வழியாக ஏறுவது. அது உள்ளே இருக்கும்போது ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தால் உடம்பெங்கும் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். அடுத்த முறை மாத்திரை எழுதினால் நீங்கள் பால் வெட்டுகிறவர் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள், தேவையென்றால் மலப் பரிசோதனை எழுதுவார்.

இப்போது உங்கள் சித்தப்பா மகன். ஒரே பக்கம், ரத்தம், குளத்துக் குளிப்பு, ஸ்டீராய்டுக்கு அசையவில்லை. இதை வாசித்தவுடன் எனக்கு நினைவு வந்தது ரைனோஸ்போரிடியோசிஸ். 1900-ல் அர்ஜென்டினாவில் சீபர் என்பவர்தான் இதை முதலில் விவரித்தார். ஆனால் உலகத்திலேயே அதிகம் காணப்படுவது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும். நம் மாவட்டத்தில் குளத்துக்கா பஞ்சம்? கிருமி தேங்கிய தண்ணீரில் இருக்கும், மூக்கில் சின்னக் கீறல் இருந்தால் உள்ளே குடியேறிவிடும். வெகுகாலம் பூஞ்சை என்றுதான் நினைத்தார்கள். மரபணுவைப் பார்த்த பிறகு மீன்களுக்கு நோய் தரும் ஒருவகை நீர்வாழ் நுண்ணுயிர்களின் சொந்தக்காரர் என்று தெரிந்தது. பார்க்க வெளுத்த பாலிப் மாதிரி இருக்காது. சிவந்திருக்கும், மேலே வெள்ளை வெள்ளையாகப் புள்ளி தெரியும், தொட்டால் ரத்தம் கொட்டும். தகட்டில் தேட வேண்டிய அவசியமே இல்லை, சின்ன லென்ஸிலேயே தடித்த சுவர் போட்ட உருண்டைப் பைகள் தெரியும், முற்றியவற்றின் உள்ளே வித்துகள் திணித்து வைத்திருக்கும். வெளியே தெரிந்த வெள்ளைப் புள்ளிகள் அந்தப் பைகள்தான். இங்கே வளர்ச்சியை உண்டாக்குவது ஈசினோபில் கூட்டமே அல்ல, கிருமி. ஸ்டீராய்டு அதை என்ன செய்யும்? வெட்டி எடுத்து அடிப்பகுதியைச் சுட வேண்டும். அப்படியும் சிலருக்குத் திரும்ப வரும்.

அவருக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை. ஒரு பக்கம் மட்டும் வளர்வது கட்டியாகவும் இருக்கலாம், அதில் கெட்டதும் உண்டு. ஒரு பக்க வளர்ச்சியை எண்டோஸ்கோப், ஸ்கேன், திசுப் பரிசோதனை இல்லாமல் பாலிப் என்று பெயர் வைத்து ஸ்பிரே கொடுத்தே ஓட்டக்கூடாது, அவ்வளவுதான். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் ஈ.என்.டி. பிரிவு இருக்கிறது, இந்த வாரமே அழைத்துக்கொண்டு போங்கள்.

உண்மையான பாலிப்பிலும் ஸ்டீராய்டுக்குக் கேட்காத வகை உண்டு. அதில் ஈசினோபிலுக்குப் பதில் நியூட்ரோபில் என்ற இன்னொரு வெள்ளணு ஆட்சி செய்யும். ஈசினோபிலைச் சாகடிக்கும் அதே ஸ்டீராய்டு நியூட்ரோபிலின் ஆயுசை நீட்டித்துவிடுகிறது! எனக்கு இதைப் படித்தபோது நம்பவே முடியவில்லை. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பிறவி நோயில் வரும் பாலிப் இந்த வகை. சீனா போன்ற கிழக்காசிய நாடுகளில் இது ஐரோப்பாவைவிட அதிகம். உங்கள் ரிப்போர்ட்டில் அந்த ஒரு வார்த்தைக்கு அவ்வளவு மதிப்பு இருப்பது அதனால்தான். ஈசினோபில் ஏராளம் என்றால் ஸ்டீராய்டுக்குக் கேட்கும், நிறுத்தினால் திரும்பும் என்று இரண்டையும் சேர்த்தே அது சொல்கிறது. ஆபரேஷன் செய்துகொண்டாலும் ஸ்பிரேயை விடாதீர்கள். குளச்சல் தம்பிக்கு நடந்தது அதுதான்.


பதில்: மருந்துக்கடை, மார்த்தாண்டம்

அக்கா சொன்ன பிறகு எனக்குப் பேச ஒன்றுதான் மிச்சம், ஸ்பிரே அடிக்கும் விதம். தம்பி, தினமும் அடித்தும் அடைக்கிறது என்கிறீர்களே, மருந்து போக வேண்டிய இடத்துக்குப் போகிறதா என்று பாருங்கள். முதலில் மூக்கைச் சிந்தி உப்புத் தண்ணீரில் கழுவி, கொஞ்சம் பொறுத்துப் பாட்டிலைக் குலுக்குங்கள். தலையை நிமிர்த்தாமல் சற்றுக் குனியுங்கள். வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. அப்படிப் பிடித்தால் முனை தானாகவே நடுச்சுவரை விட்டு வெளிப்பக்கம் காதைப் பார்த்துத் திரும்பும். நடுச்சுவரில் அடித்தால் புண்ணாகி ரத்தம் வரும், பாலிப்புக்கும் பிரயோஜனமில்லை. அடித்துவிட்டு "சர்" என்று உறிஞ்சாதீர்கள், மருந்து தொண்டைக்குப் போய்விடும்.

அளவும் பாருங்கள். மொமெட்டசோன் ஒரு அடிக்கு 50 மைக்ரோகிராம். சாதாரண அலர்ஜிக்கு ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு, நாளுக்கு ஒரு வேளை. பாலிப்புக்குப் பெரியவர்களுக்கு வழக்கமாக எழுதுவது அதே இரண்டு, காலையும் ராத்திரியும். சிலருக்கு டாக்டர் ஒரு வேளையாகக் குறைப்பதும் உண்டு. இரண்டு வேளை என்றால் நாளைக்கு 8 அடி, 120 அடி உள்ள பாட்டில் 15 நாளில் தீர வேண்டும். உங்கள் சீட்டில் எத்தனை வேளை எழுதியிருக்கிறது, ஒரு பாட்டில் எவ்வளவு நாள் ஓடுகிறது? பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.